ஊற்றாத ஒயின்

லெபனான் மலைச்சரிவில் ஒரு கழுதை பாடுபட்டுச் சிவப்பு ஒயின் தயாரித்து, சுவை பார்த்து மதிப்பெண் போடும் நரியிடம் ஒரு புட்டி கொண்டுவந்தது. எண்பதுக்குக் கீழே போனால் அத்தனை ஒயினையும் வினிகர் தொட்டியில் கொட்டிவிடுவார்கள்.

நரி கண்ணை மூடி, எதிரிலிருந்த கோப்பையைச் சுழற்றி, நெடுநேரம் மோந்து பார்த்தது.

“தேவதாரு வாசம். கொஞ்சம் அத்திப்பழம். ஆனால் கனம் போதாது. எண்பத்தொன்று.”

“சாமி, நான் இன்னும் ஊத்தவே இல்லீங்களே!”

நரி கண்ணைத் திறக்கவில்லை. “அதனாலதான்யா இவ்வளவு வந்துது. ஊத்தினா மூணு குறையும். ஊத்தறியா?”

கழுதை ஒரு கணம் யோசித்தது. பிறகு புட்டியின் தக்கையை இன்னும் இறுக்கி அழுத்திவிட்டு, “மூக்குன்னா இதுதான் சாமி மூக்கு!” என்றது.