பழைய கெர்னல்

பரோட்டா மாஸ்டர் பேச்சிக்கனிக்கு வலது கை செயற்கைக் கை. அன்று காலை அதை இயக்கும் மென்பொருளான கெர்னல் தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. அதிலிருந்து, அடுப்பை நெருங்கினாலே சூடு ஆபத்து என்று கை பின்னால் இழுத்துக்கொண்டது. கடையிலோ கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இனிமே கல்லுப் பக்கமே போவ முடியாதோ?" என்று கலங்கினாள்.

கணவன் இசக்கி சிரித்தான். "ஏட்டி, நல்லா ஓடிக்கிட்டிருந்த பழைய கெர்னல ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன். கைய நீட்டு."

அதை ஏற்றி முடித்ததும் விரல்கள் ஒருமுறை சிலிர்த்து அடங்கின. அவள் மாவை வீசிச் சுருட்டி, தட்டிக் கல்லில் போட்டாள். கை பின்வாங்கவில்லை.

வெந்த முதல் பரோட்டாவை அந்தக் கையாலேயே பிய்த்து இசக்கியின் வாயில் ஊட்டினாள்.

"ஏட்டி, சுடுது!" என்று அவன் துள்ளினான்.

"எனக்குச் சுடலையே!" என்றாள் பேச்சிக்கனி, பூரிப்போடு.