தேயாத ஷூ

விமான நிலையத்தில் மகனைக் கட்டிப்பிடிக்கும்போதே ஆரினின் கண் அவன் காலுக்குப் போய்விட்டது.

பின்லாந்தில் இரண்டு வருஷ ஊழியம் முடித்து வந்திருக்கிறான் ஹைரம். கோட்டு, டை, மார்பில் பெயர்ப்பட்டை எல்லாம் சரியாக இருந்தன. ஷூவும் நன்றாகவே இருந்தது. அதுதான் ஆரினுக்குப் பிடிக்கவில்லை.

"முதல்ல மூஞ்சியைப் பாரு ஆரின். காலை வீட்ல போய்ப் பார்த்துக்கலாம்" என்றாள் மனைவி ஜோலீன்.

வீட்டில் பெட்டியைத் திறந்தால் இன்னும் மோசம். ஒன்று தேய்ந்தால் மாற்றிக்கொள்ளட்டும் என்று அவர் வாங்கிக் கொடுத்திருந்த இன்னொரு ஜோடி, உள்ளே திணித்த காகிதம்கூடக் கசங்காமல் அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்திருந்தது.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், வான்கோழி வளர்க்கும் அந்தச் சின்ன ஊரில் எல்லாருமே மார்மன் சபைக்காரர்கள்; பையன்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்து இரண்டு வருஷம் வெளியூருக்கு மதம் பரப்ப அனுப்புகிறவர்கள். ஊழியம் போய் வந்த பையனைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். கதவு கதவாகத் தட்டி நடந்தவனா, அறையில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தவனா என்று அதுவே சொல்லிவிடும்.

ஆரினின் ஷூ, அவர் பெருவில் ஊழியம் செய்தபோது போட்டது, இன்றைக்கும் கூடத்துப் பலகையில் கொலு வீற்றிருக்கிறது. இரண்டு அடியிலும் விரல் நுழைகிற ஓட்டை. வீட்டுக்கு வந்த யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை.

"எனக்கு முதல்ல வாய்ச்ச கூட்டாளி ஒரு அழுமூஞ்சி. படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டான். கூட்டாளியைத் தனியா விட்டுட்டு வெளிய போகக் கூடாதுன்னு நமக்குச் சட்டம். அதுக்காக நானும் கூடவே கிடக்கணுமா? ஊழியத் தலைவர்கிட்ட சொல்லி அவனை ஊருக்கு மூட்டை கட்ட வச்சேன். அப்புறம் நடந்தேன் பாருங்க நடை."

இதைச் சொல்லி, ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டுவார்.

அதன் பக்கத்தில் மகனின் ஷூவுக்கு என்று இரண்டு வருஷமாக இடம் விட்டு வைத்திருந்தார். அது இப்போதும் காலியாகவே கிடந்தது.

சாப்பிடும்போது கேட்டே விட்டார்.

"அங்க போய் என்னடா செஞ்சே?"

"ஊழியம்தான்ப்பா."

"உட்கார்ந்துக்கிட்டா?"

ஹைரம் கொஞ்சம் யோசித்தான். "பெரும்பாலும் ஆமாம்ப்பா" என்றான்.

பழைய ஹைரமாக இருந்தால் இந்நேரம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருப்பான். இவனோ உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அப்பா பக்கம் நகர்த்தி வைத்தான். செய்த தப்பு உறுத்துகிறது போலிருக்கிறது என்று ஆரின் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. ஊழியம் முடித்து வந்தவன் சபை முன்னால் நின்று பேச வேண்டிய நாள். சர்ச் வாசலிலேயே ஆரினைப் பிடித்துக்கொண்டாள், அதே சபையைச் சேர்ந்த சிஸ்டர் ஆல்ரெட். அவள் மகன் பிரேசில் போய் வந்தவன்.

"என் பையன் கிழிஞ்ச ஷூவோட வந்தான். பின்லாந்துல என்ன, தரையெல்லாம் பஞ்சு மெத்தையா பிரதர்?"

ஆரினின் முகத்தில் ஈயாடவில்லை. எப்போதும் முதல் வரிசையில் உட்காருகிறவர் அன்று கடைசி வரிசைக்குப் போய் ஒதுங்கிக்கொண்டார்.

ஹைரம் பனியைப் பற்றிப் பேசினான். மீன் சூப் வைக்கப் பழகியதைப் பற்றி, பொறுமையைப் பற்றிப் பேசினான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்தால்தானே சொல்லுவான் என்று ஆரின் மனதுக்குள் குமைந்தார்.

பிற்பகல் வீட்டில் விருந்து. ஊரே கூடத்தில் நின்று பன்றிக்கறியும் பச்சை ஜெல்லியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஒரு புது அம்மாளும், வெளுத்துப்போன நெட்டைப் பையன் ஒருவனும் உள்ளே வந்தார்கள். விடியற்காலையில் பக்கத்து மாநிலமான இடாஹோவிலிருந்து காரில் கிளம்பியதாகச் சொன்னார்கள். ஹைரமைப் பார்த்ததும் அந்தப் பையன் ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

அந்த அம்மாள் நேராக ஆரினிடம் வந்தாள்.

"இவன் என் மகன் டேன். முதல் ரெண்டு மூணு மாசம் போக மீதி நாளெல்லாம் உங்க பையனுக்கு இவன்தான் கூட்டாளி. மனசு உடைஞ்சு படுக்கையில விழுந்துட்டான். ஊருக்கு அனுப்பிடறேன்னு தலைவர் சொன்னாராம். பாதியில வந்துட்டோமேங்கிற நினைப்பே இவனைக் கொன்னுருக்கும். உங்க பையன்தான், 'அனுப்பாதீங்க, நான் கூட உட்கார்ந்துக்கறேன்'னு கெஞ்சியிருக்கான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது, சூப் வச்சு ஊட்டறது, ஜன்னல் பக்கம் போகாம பார்த்துக்கறது எல்லாம் உங்க ஹைரம்தான். என் பிள்ளை உயிரோட, ஊழியத்தை முழுசா முடிச்சுட்டு வந்திருக்கான் பிரதர்."

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

டேன் மெல்லச் சொன்னான்: "என்னை விட்டுட்டு நீ போய் நடடான்னு தினமும் சொல்லுவேன். 'ஷூ புதுசுடா, தேஞ்சா எங்கப்பா கோவிச்சுக்குவாரு'ன்னு சிரிப்பான்."

ஆரின் மகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்து ஜெல்லித் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தான். அவருக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

வாசலுக்குப் போய் மகன் கழற்றி விட்டிருந்த ஷூவை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். பலகையிலிருந்த தன் ஷூவை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தின் நட்டநடுவில் அதை வைத்தார்.

சிஸ்டர் ஆல்ரெட் கிட்ட வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன பிரதர், இதுல ஓட்டையே காணோமே?"

ஆரின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஓட்டையெல்லாம் என்னோடதுலதான் சிஸ்டர். இது என் பையனோடது."