காயக் காய வரும் கறை

மதிய வெயில் அபிராமபுரத்து வீட்டின் கூடத்தில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கிடத்தியிருக்கிறது. ஷகீலா கம்பளத்தின் மேல் மண்டியிட்டு ஆப்ப சோடாவைத் தூவி, எலுமிச்சைத் தோல் ஊறிய வினிகரை அதன் மேல் ஊற்றுகிறாள். யாரோ காதருகே ரகசியம் பேசுவது போல வெள்ளை நுரை சீறிப் பொங்குகிறது. கதவோரம் நிற்கும் மகள் மஹ்விஷுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. அப்பா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்த அன்று, கையிலிருந்த டீ சிந்திய இடம் அது. அவர் போய் வருஷம் திரும்பப் போகிறது. சாயங்காலம் மஹ்விஷைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் கறை போயாக வேண்டும்.

"புதுசு வாங்கிடலாம்னா கேக்குறியா அம்மி? இல்ல, கடையில விக்கிறதையாவது வாங்கி ஊத்து."

"அதெல்லாம் வேணாம்டி. அந்த நெடி அவருக்கு ஆகாது, இருமல் வந்துடும்."

ஷகீலா பழந்துணியால் ஒற்றி எடுக்கிறாள். கம்பளத்தின் சிவப்புப் பூக்கள் பளிச்சென்று தெரிகின்றன, கறையைக் காணோம். மஹ்விஷுக்கு இப்போதுதான் மூச்சு வருகிறது. மின்விசிறி சுற்றுகிறது. ஈரம் காயக் காய, அடியிலிருந்து ஒரு பழுப்பு வட்டம் மெல்ல மேலேறி, பழைய இடத்திலேயே வந்து உட்காருகிறது. தினமும் இப்படித்தான். ஷகீலாவின் முகத்தில் ஏமாற்றம் இல்லை. துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, காலி நாற்காலியை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"வந்துட்டீங்களா?" என்கிறாள். பிறகு மகளிடம் திரும்பி, "டீ போடுடி. அவருக்குச் சர்க்கரை போட்டுடாத."