ஒன்பதாம் எண் ஸ்லைடு

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்திய பேராசிரியர் ஆய்வக உதவியாளரிடம் எரிந்து விழுந்தார்.

"ஆரோக்கியமானவங்க குடுத்த திசுன்னு எழுதியிருக்கு, இதுவா ஆரோக்கியமான உணவுக்குழாய்? அமிலம் ஏறி ஏறி உள்தோலே வெந்து கிடக்கு! எவன் இந்த ஒன்பதாம் நம்பர்?"

"மணி மூணாச்சு சார். சாப்பிட்டு வந்து பதிவேட்டைப் பார்த்து..."

"சாப்பாடு எங்கயும் ஓடிப் போயிடாது! இதோ, முதல் நம்பர் ஸ்லைடைப் பாரும்மா. செல்லெல்லாம் அடுக்கி வெச்ச மாதிரி! அஞ்சு வருஷமா வகுப்புல இதைத்தான் காட்டறேன். அந்த ஆளு எங்க, நேரங்காலம் இல்லாம வயித்தைக் காயப்போடற இந்த ஜென்மம் எங்க?"

அவள் பதிவேட்டைத் தடாலென்று அவர் முன் விரித்தாள்.

"ரெண்டும் நான்தான் சார். முதல் நம்பர், உங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குக் குடுத்தது. ஒன்பது, போன வாரம்."