சுண்டுவிரலை ஆட்டினால் போதும்

மத்தியானச் சங்கு ஊதியதும் கொர்னேலியஸ் விழித்துக்கொண்டார். அவருடைய உடம்பு விழித்துக்கொள்ளவில்லை.

கண் திறந்திருந்தது. எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டின் தகரக் கூரை தெரிந்தது. அதன் மேல் சேரம்பாடி மழை, சலிக்காமல் தட்டிக்கொண்டிருப்பதும் கேட்டது. கை, கால், நாக்கு எல்லாம் ஸ்ட்ரைக்.

வந்துவிட்டது. அமுக்குவான் பேய் என்று லைன் முழுக்கப் பேர் வைத்திருக்கிறார்களே, அது.

பேயாவது. ராத்திரி முழுக்கத் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலர் மெஷின் ஓட்டிவிட்டுப் பகலில் படுக்கிறவனிடம் எந்தப் பேய் வந்து எதைப் பிடுங்கிக்கொண்டு போகும்? இந்த ஈரப் போர்வையையா?

விஷயம் இவ்வளவுதான் என்று கொர்னேலியஸ் ஃபேக்டரியில் எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறார். கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாதே என்று, தூங்கும்போது மூளை உடம்பைக் கட்டிப்போட்டு வைக்கும். சில நேரம் மூளை முந்திக்கொண்டு முழித்துவிடும். கட்டை அவிழ்க்க மறந்துவிடும். மெயின் சுவிட்சு போட்டாச்சு, பெல்ட்டு இன்னும் மாட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். இதற்குப் போய் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிற ஜனங்களை என்ன சொல்ல.

அத்தனையும் கூடலூர் டாக்டர் அவருக்குச் சொன்னது. ஒப்பித்து முடித்ததும், தானே கண்டுபிடித்தவர் மாதிரி டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார்.

பக்கத்து வீட்டு மாரப்பனுக்கு மட்டும் வகுப்பு ஏறவில்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியோடு வந்து நின்றான்.

"அண்ணே, அமுக்குவானுக்கு இரும்புன்னா ஆகாது. இதத் தலமாட்டுல வச்சுக்கிட்டுப் படுங்க."

"இரும்புன்னா பயப்படுற பேய், ரோலர் ஓட்டுறவன் ஊட்டுக்கு எதுக்குடா வருது? வழி தப்பியா?"

கத்தியை வாங்கிக்கொண்டார். அன்றைக்கே கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் செருகிவிட்டு வந்தார்.

சபையிலிருந்து வந்த சகோதரி ஒருத்தர் ஜெபித்த எண்ணெயைக் கொடுத்து, வாசல் நிலையில் சிலுவை போடச் சொன்னார். நிலைக்கு என்ன கேடு? கீல்தான் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மொத்தக் குப்பியையும் கீலில் விட்டார். கர்த்தருக்கு மகிமை, கதவு இப்போது சத்தமே போடுவதில்லை.

மகள் கெஸியா கூடலூரில் நர்ஸ். படித்தவள், அதனால் அவள் வைத்தியம் இன்னும் மோசம். மல்லாந்து படுத்தால்தான் இது அதிகம் வருமாம். அப்பாவின் ஸ்வெட்டர் முதுகில் ஒரு பை தைத்து, அதற்குள் ரப்பர் பந்தைப் போட்டுவிட்டுப் போனாள். முதுகில் கூன் முளைத்த மாதிரி ஒரு பகல் உருண்டு பார்த்தார். மறுநாள் பந்து லைன் நாயின் வாயில் இருந்தது. கொர்னேலியஸ் மல்லாந்து படுத்திருந்தார்.

போன வாரம் ரோலர் ஓரத்தில் நின்றபடியே அசந்துவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் ஒரு கை போயிருக்கும்.

கேள்விப்பட்ட கெஸியா லீவு போட்டு வந்தாள். ஆஃபீசில் பேசி, திங்கட்கிழமையிலிருந்து அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட் வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

"ராத்திரி ஒழுங்காத் தூங்குனீங்கன்னா இது தானா நின்னுரும்ப்பா. அதுக்குள்ள வந்துச்சுன்னா பயப்படாதீங்க. மெதுவா மூச்சு விட்டுட்டு, சுண்டுவெரல மட்டும் ஆட்டுங்க. போதும், விட்டுரும்."

"உன்னைய யாரு கேட்டா?" என்று கத்தினார். "யாரக் கேட்டு மாத்துன?"

மகளின் முகம் சுண்டிப்போனது. ராத்திரி வேலை போனதற்காக இப்படிக் குதிக்கிற மனுஷனை அந்த எஸ்டேட்டில் யாரும் பார்த்ததில்லை. கிழத்துக்கு வீம்பு என்று லைனில் பேசிக்கொண்டார்கள். கொர்னேலியஸும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இன்றைக்குச் சனிக்கிழமை, கடைசி ராத்திரி ஷிஃப்டும் முடிந்தாயிற்று. இனிமேல் பகல் தூக்கம் கிடையாது.

கதவு திறந்தது. சத்தமில்லாமல்.

யாரோ உள்ளே வந்தார்கள். ஒருத்தரும் வரவில்லை, கனவின் மிச்சத்தைத்தான் மூளை காட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னார், சரி. அந்த மிச்சத்தோடு சேர்ந்து நனைந்த சாக்கு வாசமும் பச்சைக் கொழுந்து வாசமும் வரும் என்று அவர் சொல்லவில்லை.

பிறகு நெஞ்சின் மேல் அந்தக் கனம். இரண்டு உள்ளங்கைகள். ஐஸ்.

கெஸியாவின் அம்மா மத்தியானச் சங்கு ஊதியதும் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வருவாள். மழையில் மரத்துப்போன கைகளைச் சூடாக்க அடுப்பு ஒன்று இருக்கிறது என்பது அவளுக்கு ஞாபகமே வராது. தூங்குகிறவரின் ஸ்வெட்டருக்குள் இரண்டையும் விட்டு, உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டு அழுத்திக்கொண்டு சிரிப்பாள்.

கைய எடுடி சனியனே, மனுசன் தூங்க வேண்டாமா என்று அவரும் தினம் தவறாமல் திட்டியிருக்கிறார்.

அந்தச் சனியனைப் புதைத்து மூன்று மழைக்காலம் ஆகிறது.

கர்மம் பிடித்த கை, இன்னும் கொஞ்சம்கூடச் சூடேறவில்லை.

மகள் சொன்னதில் பாதியைக் கொர்னேலியஸ் கேட்டார். மெதுவாக மூச்சு விட்டார்.

வலது சுண்டுவிரலில் உயிர் திரும்புவது தெரிந்தது.

அதை ஆடாமல் பார்த்துக்கொண்டார்.