சித்தி கல்யாணம்

மூன்று நாளாக ஒத்திகை பார்த்த பொய்யை டீச்சரிடம் ஒப்பித்தாள் அவள்.

“டூருக்கு வர முடியாது டீச்சர். அன்னைக்கு எங்க சித்திக்குக் கல்யாணம்.”

பின் பெஞ்சில் மகாராணி இருந்தாள். தினம் ஒரு வாட்ச் கட்டி வருவதால் வகுப்பு வைத்த பெயர். அவள் காதில் மட்டும் உண்மை விழுந்துவிடக் கூடாது.

டீச்சர் டூருக்கு வராதவர்களின் பட்டியலைப் பார்த்தார். “ஒரே நாள்ல பதினேழு பேரோட சித்திக்குக் கல்யாணமா?”

பாதி வகுப்பு தலைகுனிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்தது.

“பொய் டீச்சர். வீட்ல பணம் இல்ல.”

“எங்க வீட்லயும்தான்,” என்று முதலில் எழுந்தவள் மகாராணி. “இந்த வாட்செல்லாம் அப்பாகிட்ட ரிப்பேருக்கு வந்தது.”

ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

டீச்சர் பட்டியலைக் கிழித்தார். “பஸ்ஸே வேணாம். சாப்பாடு கட்டிக்கிட்டு எல்லாரும் ஆத்தங்கரைக்கு நடந்தே போறோம்.”

கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். “என்ன சத்தம்?”

“கல்யாண வீடு டீச்சர். அப்படித்தான் இருக்கும்,” என்றாள் அவள்.