உச்சிக் கிளை ஆப்பிள்

'டிக்.'

அவ்வளவுதான். வேட்டுச் சத்தம் வரவில்லை.

கல்யாணக் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. வால்நட் மரத்தின் உச்சிக் கிளையில் பெண் வீட்டார் கட்டித் தொங்கவிட்ட ஆப்பிள், ஒன்றுமே நடக்காதது போல் சொகுசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஊர் வழக்கப்படி, மாப்பிள்ளை அதைச் சுட்டு வீழ்த்தினால்தான் பெண் வாசலைத் தாண்டுவாள்.

மாப்பிள்ளை வெல்கோ துப்பாக்கியின் இரண்டாவது குழலின் விசையை அழுத்தினான்.

'டிக்.'

"அவசரமே இல்லை மாப்பிள்ளை. அதுவா அழுகி விழுற வரைக்கும் உட்கார்ந்திருப்போம். சோறு ஆறிடும், பரவாயில்லையா?" என்றான் பெண்ணின் அண்ணன்.

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஒற்றைக் கண் மிலுன் அந்த 'டிக் டிக்'கையே தாளமாக எடுத்துக்கொண்டு அக்கார்டியனில் ஒரு குஷியான மெட்டை இழுத்துவிட்டான். அந்த வட்டாரத்தில் அவன் வாசிக்காத கல்யாணம் கிடையாது. கண்ணைப் பற்றி யாராவது கேட்டால், "வாலிபத்துல குதிரை உதைச்சதுங்க. நல்லவேளை, காதை விட்டுட்டுது" என்பான்.

மாப்பிள்ளையின் அப்பா திஹோமிருக்கு முகம் பீட்ரூட்டாகிவிட்டது. அது அவருடைய தாத்தாவின் துப்பாக்கி. "தாத்தா, அப்பா, நான், மூணு பேரும் இதாலதான் பொண்ணு கட்டினோம். நாலாவதா என் பையன்" என்று ஒரு மாதமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சம்பந்தியின் துப்பாக்கியை இரவல் வாங்கி, மூன்றாவது சூட்டில் வெல்கோ ஆப்பிளைச் சிதறடித்தான். பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ஆனால் அவள் அண்ணன் விடவில்லை.

"ஆப்பிள் எங்களது, துப்பாக்கி எங்களது, பொண்ணும் எங்களது. நீங்க என்னதான் கொண்டு வந்தீங்க?"

திஹோமிருக்கு அன்றைக்கு விருந்தில் ஒரு துண்டு கறிகூட இறங்கவில்லை.

மறுநாள் காலை அந்தத் துப்பாக்கியோடு ஓப்ரெனின் பட்டறைக்குள் நுழைந்தார். துப்பாக்கி பழுது பார்ப்பதில் ஓப்ரெனைப் போல நம்பகமான ஆள் கிடையாது என்று நாலு பேர் சொல்லித்தான் அவனிடம் கொடுத்திருந்தார்.

"ஆப்பிள் விழுந்துச்சாண்ணே?" என்றான் ஓப்ரென், அரத்தைக் கீழே வைக்காமல்.

"என் மானம் விழுந்துச்சு. ராத்திரியே பிரிச்சுப் பார்த்துட்டேன். தோட்டாவைக் குத்துற ஊசி ரெண்டையும் பாதியா அராவி வெச்சிருக்கே."

"ஆமா."

திஹோமிர் ஆடிப்போனார். இல்லை என்று சொல்வான், சண்டை போடலாம் என்று வந்திருந்தார்.

"எண்ணெய் ஊறணும், கல்யாணத்துக்கு முன்னாடி சுட்டுப் பார்க்காதீங்கன்னு சொன்னியே?"

"அது பொய்."

"பொண்ணு வீட்டாரோட கூட்டா?"

ஓப்ரென் துப்பாக்கியை வாங்கிப் புது ஊசிகளைப் பொருத்தினான். தோட்டாவைப் போட்டான். மேஜையில் பொருத்தியிருந்த இரும்புப் பிடிப்பான் வைஸில் அதை இறுக்கினான். விசையில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டினான்.

"உங்க தொப்பியைக் கொடுங்கண்ணே."

சுடுகிறவன் கன்னம் பதிக்கும் இடத்தில் தொப்பியைக் கவிழ்த்தான். திஹோமிரைச் சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கயிற்றைச் சுண்டினான்.

இந்த முறை 'டிக்' இல்லை.

ஜன்னல் கண்ணாடி இரண்டும் போய்விட்டன. புகை அடங்கியதும் திஹோமிர் எட்டிப் பார்த்தார். தாத்தாவின் துப்பாக்கிக் குழல், உரித்த சோளக் கதிர் மட்டை போல விரிந்து கிடந்தது. தொப்பியை எடுத்தார். அதிலிருந்த ஓட்டைக்குள் அவர் விரல் தாராளமாகப் போய் வந்தது.

வெல்கோவின் கன்னம்.

கிடைத்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல வந்தப்பவே சொன்னேனே. உங்க தாத்தா போட்ட வெடிமருந்து வேற, இப்ப விக்கிற தோட்டா வேற. குழல் உள்ளுக்குள்ள செத்துப்போச்சு, சுவத்துல மாட்டி அழகு பாருங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ செய்யலைன்னா டவுன்ல ஒருத்தன் செய்வான்னு..."

"செய்வான். அப்படி ஒருத்தன் எங்கேயாவது கிடைச்சிடுவான். அதான் நானே வாங்கி வெச்சேன்."

"நேத்துப் பந்தியில உன்னைத் திட்டாத வாய் இல்லையேப்பா. உன் பேரே நாறிப்போச்சு."

"மிலுனும் திட்டினானா?"

"அவன் எங்கே திட்டினான்? துப்பாக்கி வெடிக்காததுல அவனுக்கு என்னதான் சந்தோஷமோ, வாசிச்சுத் தள்ளிட்டான்."

ஓப்ரென் சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி அவனும் மாப்பிள்ளைதான். அவனுக்கும் ஒரு தாத்தா துப்பாக்கி. தொழில் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் தொடவே மாட்டேன்னுட்டார். புதுசா பட்டறை போட்ட ஒருத்தன் வாங்கி, பளபளன்னு ஆக்கிக் கொடுத்தான். மிலுன் தனியா தோப்புக்குள்ள போய்ச் சுட்டுப் பழகினான். அதோட கல்யாணம் நின்னுபோச்சு."

"ஆனா அவன் குதிரை உதைச்சதுன்னுல்ல..."

"பட்டறைக்காரன் பிள்ளைகுட்டிக்காரன், பிழைப்பு போயிடக் கூடாதுன்னு இன்னைக்கு வரைக்கும் அப்படியே சொல்லிட்டிருக்கான்."

ஓப்ரென் அரத்தைக் கையில் எடுத்தான். பிறகு எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவனைப் போலத் திரும்பக் கீழே வைத்தான்.

"அந்தக் குதிரை நான்தாண்ணே."